மகனுக்கு வலது கையில ரெண்டு பெருவிரல், மாமி நூல் கட்டச் சொல்றா. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்க

பட்டிருப்புப்_பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க வாசிக்கிற மட்டும்தான், எழுதுறது இதுதான் முதல் தரம். எனக்கு முதல் பிள்ளை, மகன், இண்டைக்கு 41 நாள். சுகப்பிரசவம், நிறை 2.9 கிலோ, பால் நல்லாக் குடிக்கிறார். ஆனா வலது கையில பெருவிரல் ரெண்டு. அடி ஒண்டுதான், அங்கயிருந்து மேல பிரிஞ்சு ரெண்டு நுனி, ரெண்டு நகம். உள்பக்கம் இருக்கிறது பெருசு, வெளிப்பக்கம் இருக்கிறது சின்னன், அதின்ட நகம் பாசிப்பயறைப் பிளந்து ஒட்டின மாதிரி அவ்வளவுதான். பெரியது மடங்கினா சின்னனும் சேர்ந்து மடங்குது, பால் குடிக்கக்க என்ட நெஞ்சில கை வச்சு ரெண்டையும் ஒண்டா அசைக்கிறார், அதைப் பாத்துப் பாத்து எனக்கு அழுகைதான் வருது.

பிறந்த அண்டைக்கு வார்டில டொக்டர் பாத்திட்டு அவசரம் ஒண்டுமில்ல பிறகு கிளினிக்குக்கு காட்டுங்க எண்டு கொப்பியில எழுதி விட்டவர், வேற ஒண்டும் விளங்கப்படுத்தல்ல. வீட்ட வந்ததில இருந்து ஒரே கதை. மாமி நூல் கட்டினா பத்து நாளில தானா விழுந்திடும் எண்டு நிக்கிறா, அவங்கட தம்பியின்ட மகளுக்கு சின்னிவிரல் பக்கம் இருந்தது அப்படித்தானாம் விழுந்தது. கறுப்பு நூல் எடுத்து மஞ்சள் பூசி பவுடர் டின்னுக்குள்ள வச்சிருக்கா. என்ட அம்மா என்னெண்டா நான் ஆறாம் மாசம் கிரகணத்தண்டைக்கு பலாக்காய் வெட்டினதாலதான் இப்படி எண்டு ஊருக்கே சொல்லிட்டா. அவர் கட்டார்ல, போனில காட்டினா அவரும் அழுறார். எனக்கு முதல்ல காய்ச்சல் வந்து ரெண்டு பனடோல் குடிச்ச ஞாபகமும் இருக்கு, அதாலயா எண்டு நித்திரை இல்ல.

ஆருக்கும் இப்படி இருந்ததா, என்ன செய்தீங்க, தயவுசெய்து சொல்லுங்க.

மருதமுனை_உம்மா:
தங்கச்சி அழாதீங்க, பால் குடுக்கிற காலத்தில மனசப் போட்டு உடைச்சிக்காதீங்க. என்ட மகனுக்கு வேற மாதிரி ஒரு பெருவிரல் பிரச்சினை வந்திச்சி, அத ராவைக்கு ஆறுதலா எழுதுறன். இப்ப ஒண்டு மட்டும் செல்றன், நூல் கட்ட விட்டுராதீங்க. மாமிட்ட சண்டை பிடிக்காம கிளினிக்ல டொக்டர் வேணாமெண்டு செல்லிட்டார் எண்டு செல்லுங்க.

கல்லடித்_தாதி:
தங்கச்சி, நான் நேர்ஸ். 11 வருசம் ஒப்பரேசன் தியேட்டர்ல நிண்டனான், இப்ப வார்ட். ஆறுதலா வாசியுங்க, கொஞ்சம் நீளமா எழுதப் போறன்.

முதல்ல நூல் விசயம். உங்கட மாமி பொய் சொல்லல்ல. சின்னிவிரல் பக்கம் வாற மேலதிக விரல் கனபேருக்கு எலும்பே இல்லாம மெல்லிய தோல் காம்பில தொங்குற மாதிரித்தான் இருக்கும், அதைக் கட்டினா காய்ஞ்சு விழும். அதிலயும் ஒரு நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது, ஆனபடியா கட்டின இடத்தில ஒரு முண்டு மிஞ்சி, வளர்ந்த பிறகு தொட்டா சுள்ளெண்டு வலிக்கிற ஆக்கள் இருக்காங்க. சீழ் பிடிச்சு வந்த பிள்ளைகளையும் நான் கண்ணால பாத்திருக்கன். உங்கட மகனுக்கு இருக்கிறது பெருவிரல் பக்கம், இது முழுக்க வேற சாமான். இதுக்குள்ள எலும்பு இருக்கு, மூட்டு இருக்கு, தசையில இருந்து வந்து விரலை இழுத்து மடக்கிற நாண் இருக்கு. ரெண்டும் சேர்ந்து மடங்குது எண்டு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதின்ட அர்த்தம் அதுதான். கட்டினா விழாது, அழுகும்.

மற்றது, சனம் இதை ஒரு விரல் கூட எண்டு நினைக்குது. ஒரு பெருவிரலுக்குரிய சாமான ரெண்டு விரல் பங்கு போட்டுக்கொண்டு இருக்கு எண்டுதான் இதை விளங்கிக்கொள்ள வேணும். நாணும் பங்கு, மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற கயிறு மாதிரி இணைப்பு நாரும் பங்கு. பெருவிரலை மற்ற விரலுக்கு முன்னால கொண்டு வாற சதை கனபேருக்கு அந்த வெளிப்பக்கச் சின்னதிலதான் போய் ஒட்டியிருக்கும். சின்னனைச் சும்மா வெட்டி எறிஞ்சா மிஞ்சின பெரியது வலு இல்லாம ஒரு பக்கம் சரிஞ்சு போகும். அதாலதான் நல்ல சேர்ஜன் சின்னதில இருந்து அந்தச் சதையையும் இணைப்பையும் கழட்டி எடுத்து பெரியதில தைச்சு, எலும்பு கோணலா இருந்தா அதையும் நேராக்கி, ஒரு மெல்லிய கம்பி போட்டு விடுவார். வெட்டுறது கொஞ்ச நேரம், திருப்பிக் கட்டியெழுப்புறதுதான் வேலை.

எப்ப செய்றது எண்டா கூடுதலா ஒரு வயசை ஒட்டி. அதுக்கு முதல் விரல் மிச்சம் சின்னன், மயக்க மருந்துக்கும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை நல்லம். பிள்ளைகள் ஒம்பது பத்து மாசத்திலதான் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து நுள்ளி எடுக்கப் பழகுறது, அந்தப் பழக்கம் பிழையா ஊறுறதுக்கு முதல் செய்யிறதும் நல்லம். இப்ப எக்ஸ்ரே எடுத்தாலும் எல்லாம் தெரியாது, இந்த வயசில எலும்பின்ட கன பகுதி இன்னும் குருத்தெலும்பு, அது படத்தில விழாது. ஒப்பரேசனுக்கு முதல் திரும்பவும் எடுப்பாங்க.

கிரகணம், பலாக்காய், பனடோல். தங்கச்சி, வயித்தில கரு தங்கி நாலாம் கிழமை போல கை மொட்டு மாதிரி வெளிக்கிடுது, எட்டாம் கிழமை முடியக்குள்ள அஞ்சு விரலும் பிரிஞ்சு முடிஞ்சிடும். நீங்க பலாக்காய் வெட்டினது ஆறாம் மாசம். அந்த நேரம் உங்கட மகன் அந்த ரெண்டு விரலையும் வாயில வச்சு சூப்பியிருப்பார். பனடோலாலயும் இது வராது. ஒரு கைக்கு மட்டும் வாற ரெட்டைப் பெருவிரல் கனபேருக்கு குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லாமத் தனியா வாறதுதான், வளரச் சொல்ற சைகை அந்த மொட்டுக்குள்ள கொஞ்சம் மாறிப் போறது. உங்கட பிழை ஒரு துளியும் இல்ல. அம்மாக்கு இதை வாசிச்சுக் காட்டுங்க.

பட்டிருப்புப்_பொண்ணு:
அக்கா, அழுது அழுது வாசிச்சன். மாமிக்கும் வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் பேசல்ல, டின்னை மூடி மேல வச்சிட்டா.

அக்கரைப்பற்று_78:
நான் கொஞ்சம் வேற மாதிரி கதைக்கப் போறன், கோவிச்சிக்காதீங்க. எனக்கு இடது கையில இதே மாதிரித்தான், 46 வயசு, ஒண்டும் செய்யல்ல. எங்கட உம்மா வாப்பா காலத்தில ஆறு விரல் எண்டா பரக்கத், வெட்டப்படாது எண்டு விட்டுட்டாங்க. நான் வயல் செய்றன், உழவு மெசின் ஓட்டுறன், மோட்டார் சைக்கிள் ஓடுறன், அல்லாஹ்ட காவலால ஒரு குறையும் இல்ல. பச்சப் புள்ளைக்கு மயக்க ஊசி போட்டு வெட்டத்தான் வேணுமா எண்டு ஒருக்கா யோசிங்க தங்கச்சி.

கல்லடித்_தாதி:
நானா, நீங்க சொல்றதையும் மதிக்கிறன். ஆனா ஒண்டு கேக்கன், இடது கையால ஊசியில நூல் கோப்பீங்களா? நெல்லுச் சாக்குத் தைக்கக்க எந்தக் கையால பிடிக்கிறீங்க? சேட் பொத்தான் போடுறது?

அக்கரைப்பற்று_78:
மறைக்காம எழுதுறன். சாக்குத் தைக்கிறது முழுக்க வலது கைதான், இடது கையால அமத்திப் பிடிக்க மட்டும்தான். பெரிய பெருவிரல் வெளிய சரிஞ்சு போய் இரிக்கி, ரெண்டுக்கும் இடையில ஒரு இடுக்கு இரிக்கி, அதுக்குள்ள சேறு நிண்டு மழைக்காலத்தில புண்ணாகும். கையுறை ஒண்டும் போட ஏலாது. பள்ளிக்கூடத்தில என்ன பேர் வச்சிக் கூப்பிட்ட எண்டு இங்க எழுத விருப்பமில்ல, எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்தக் கையக் களுசான் பொக்கட்டுக்குள்ளதான் வச்சிருந்தன். உங்கட மகனுக்கு வலது கை எண்டு இப்பதான் சரியா வாசிச்சன். வலது கை எண்டா நானும் காட்டத்தான் செல்லுவன்.

மருதமுனை_உம்மா:
நானா உங்கட கடைசிப் பதிவ வாசிச்சி மனசு கனத்துப் போச்சி.

என்ட மகன்ட கதையச் செல்லுறன், இதுவும் ஆருக்கும் உதவும். புறக்கக்க ஒண்டும் இல்ல, கை நல்லம். ரெண்டு வயசு இரிக்கும், ஒரு நாள் பாக்கன் வலது பெருவிரல் நுனி மூட்டு மடங்கின மடங்கினபடி நிக்கிது, நிமித்த ஏலாது. அழவும் இல்ல. கதவுக்குள்ள கைய வச்சிட்டானாக்கும், எலும்பு முறிஞ்சிட்டு எண்டு நினைச்சி முறிவு பாக்கிற ஒரு ஆளிட்ட கொண்டு போனோம். எண்ணெய் பூசி இழுத்தார் பாருங்க, புள்ள நீலம் பாரிச்சுப் போச்சி. அண்டைக்கு அவன்ட சத்தம் இப்பயும் காதுக்க நிக்கிது. நேர ஆகவும் இல்ல.

மறுகா கிளினிக்ல காட்டினா டொக்டர் அவர்ட விரலால புள்ளட பெருவிரல் அடியில தடவிப் பாத்திட்டு என்ட விரலப் பிடிச்சி அதே இடத்தில வச்சார். உள்ள ஒரு கடலை மணி மாதிரி உருண்டை, நான் அது வரைக்கும் காணவே இல்ல. நாண் போற பாதையில ஒரு வளையம் மாதிரி இரிக்கிதாம், நாண் அந்த இடத்தில தடிச்சி வளையத்துக்குள்ளால ஓட ஏலாம மாட்டிக்கிதாம். நாங்க கைத்தறிக் காரர், எனக்கு உடன விளங்கிட்டு, நூல்ல முடிச்சி விழுந்தா தறியில நூல் போற சின்ன ஓட்டை, விழுதுக் கண், அதுக்குள்ளால போகாம நிக்குமே அதே மாதிரி. இழுத்தா முடிச்சி இறுகும் எண்டுதான் நினைச்சன், அந்த எண்ணெய்க்காரர் செஞ்சதும் அதுதான்.

டொக்டர் அவசரப்படல்ல, கொஞ்சக் காலம் பாப்பம் எண்டார், ஒரு வருசத்துக்கு மேல பாத்தம், மாறல்ல, மூணரை வயசில சின்ன ஒப்பரேசன். விரல் மடிப்பில ஒரு சின்னக் கீறல், அந்த வளையத்தத் திறந்து விட்டாங்க, காலையில போய் பின்னேரம் வீட்ட வந்திட்டம். இப்ப நாலாம் வகுப்பு, நல்லா எழுதுறான். என்ட தங்கச்சிட மகளுக்கும் அதே பிரச்சினை வந்திச்சி, அவளுக்கு ஒண்டும் செய்யாமலே நாலு வயசு கடந்து தானா நிமிர்ந்திட்டு. அதுதான் எனக்கு இண்டைக்கும் கேள்வி, நாங்க அவசரப்பட்டுட்டமா?

கல்லடித்_தாதி:
ராத்தா, அவசரப்படல்ல. இதைத்தான் ட்ரிகர் தம்ப் எண்டு சொல்றது, அந்த உருண்டைக்கு நொட்டா எண்ட பிரெஞ்சு டொக்டர்ட பேர், அவர் 1850ல எழுதினது. முந்தி இதையும் பிறவிக் குறை எண்டுதான் புத்தகத்தில போட்டது. பிறகு ஆயிரக்கணக்கில பச்சைப் பிள்ளைகளின்ட கையைப் பிடிச்சுப் பாத்த டொக்டர்மார் பிறக்கக்க ஒருத்தருக்கும் இல்ல, பிறகுதான் வருது எண்டு கண்டாங்க. கொரியாவில 2008ல வந்த ஒரு ஆய்வில ஒண்டும் செய்யாம விட்ட விரல்கள்ல 63 வீதம் தானா நிமிர்ந்திருக்கு, ஆனா அதுக்கு நாலு வருசம் போல எடுத்திருக்கு. ஆனபடியா பொறுத்திருந்ததும் சரி, செய்ததும் சரி. பிள்ளைக்கு நோவு இருக்கா, விரல் எவ்வளவு மடங்கி நிக்குது எண்டு பாத்து டொக்டரும் தாய் தகப்பனும் சேர்ந்து எடுக்கிற முடிவு அது. சரியே இல்லாதது எண்ணெய் பூசி இழுக்கிறது ஒண்டுதான்.

வாழைச்சேனை_அப்பா:
நான் பொதுவா எழுதுறதில்ல. ஆனா இந்தத் தலைப்பைப் பாத்திட்டு எழுதாம இருக்க ஏலாது. தங்கச்சி, உங்கட மகனுக்கு இருக்கிறது கூட, என்ட மகளுக்கு குறைய.

அவளுக்கு இடது பெருவிரல் ஒரு சின்னத் தொங்கல், நகமும் இருக்கு, வடிவா ஒரு பொம்மை விரல் மாதிரி, ஆனா எலும்புத் தொடர்பு இல்ல, தோலிலதான் தொங்கிச்சு. ஊதினா ஆடும். நாங்க விரலைப் பாத்து அழுதுகொண்டு இருக்கக்க, குழந்தை டொக்டர் விரலைப் பாக்கவே இல்ல, நெஞ்சில குழாய் வச்சு நெடுநேரம் கேட்டார், எனக்குக் கோவம் கூட வந்தது. பிறகு எகோ எண்ட இதய ஸ்கான் எடுக்க அனுப்பினார். இதயத்தில ஓட்டை. பிறகு கிட்னி ஸ்கான், முள்ளந்தண்டு எக்ஸ்ரே, ரத்தம். ஒவ்வொரு துண்டா எழுதி எழுதித் தந்தார். நான் அண்டைக்கு அவரிட்ட சேர், விரலுக்கு ஏன் இவ்வளவு எண்டு கேட்டன். அவர் இருக்கச் சொல்லிப்போட்டு சொன்னார், கையும் இதயமும் கிட்னியும் ஒரே கிழமைகள்லதான் உருவாகுது, பெருவிரல் சின்னனா இல்லாமப் போற பிள்ளைகள்ல மற்றதையும் பாக்காம விடப்படாது எண்டு. கையும் இதயமும் சேர்ந்து வாறதுக்கு ஹோல்ட் ஓரம் எண்டு பேர், 1960ல கண்டுபிடிச்சது. மற்றது ஃபன்கோனி எண்ட ரத்த வருத்தம், பிறக்கக்க பிள்ளை நல்லா இருக்கும், சில வருசம் போய்த்தான் எலும்பு மச்சையில ரத்தம் ஊறுறது குறையத் தொடங்கும், அதுக்கு முதலே பெருவிரல் காட்டிக் குடுக்கும். அது தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டயும் மறைஞ்சிருந்து வாறது. நாங்க சொந்த மச்சான் மச்சாள், அதால அந்த டெஸ்டுக்கு அனுப்பினாங்க. முடிவு வரும் வரைக்கும் நான் சாப்பிட்ட சாப்பாடு ருசி தெரியாது. கடவுள் காத்தார், அது இல்ல. ஓட்டை சின்னன், ரெண்டு வயசுக்குள்ள தானா மூடிட்டு.

பட்டிருப்புப்_பொண்ணு:
அண்ணா, இதை வாசிச்சுப் பயந்து போனன். என்ட மகனுக்கும் இதயம் பாக்க வேணுமா?

கல்லடித்_தாதி:
பயப்படாதீங்க. ரெட்டைப் பெருவிரல் தனிய வந்தா கூடுதலா வேற ஒண்டும் இருக்காது. ஆனா கிளினிக்ல ஒருக்கா உடுப்பைக் கழட்டி தலையில இருந்து கால் வரைக்கும் முழுசாப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. பெருவிரல் சின்னன், இல்ல, அல்லது ரெண்டு எலும்புக்குப் பதிலா மூண்டு எலும்போட மற்ற விரல் மாதிரி நீட்டா இருந்தா, அப்பதான் இதயம், கிட்னி, ரத்தம் எல்லாம் கட்டாயம் தேடுறது.

வாழைச்சேனை அண்ணா, மகளின்ட விரலுக்கு என்ன செய்தீங்க? அதையும் எழுதுங்க, கனபேர் தேடுற விசயம்.

வாழைச்சேனை_அப்பா:
எழுதுறன் மிஸ். பெருவிரல் குறையிறதை டொக்டர்மார் அஞ்சு படியாப் பிரிச்சு வச்சிருக்காங்க, பிளௌத் எண்ட ஜேர்மன் டொக்டர் 1967ல பிரிச்சது. ஒண்டாம் படி கொஞ்சம் சின்னன் மட்டும். அஞ்சாம் படி விரலே இல்ல. மகளுக்கு நாலு. அடி மூட்டு நல்லா இருந்தா இருக்கிற விரலையே பலப்படுத்தலாம், மூட்டு இல்லாட்டி எவ்வளவு தைச்சாலும் அது ஆடிக்கொண்டுதான் இருக்குமாம். அதால கொழும்பில எங்களுக்குச் சொன்னது, அந்தத் தொங்கலை எடுத்திட்டு சுட்டுவிரலை அதின்ட நரம்பு ரத்தக்குழாயோட சேர்த்து நகர்த்தி, எலும்பைக் கட்டையாக்கி, திருப்பி வச்சுப் பெருவிரலா மாத்துறது.

இதைக் கேட்டு என்ட அம்மா ஒப்பாரி வச்சா. அஞ்சு விரல் நாலாகப் போகுதே, உள்ள நல்ல விரலையும் வெட்டுறாங்களே எண்டு. எனக்கும் மனசு வரல்ல, ஆறு மாசம் கிளினிக் போகாம இழுத்தடிச்சன், அதை இப்ப நினைச்சாலும் என்னில கோவம் வருது. மனசை மாத்தினது மகள்தான். ஒரு நாள் திண்ணையில இருந்து மாரி பிஸ்கட் சாப்பிடுறாள். வலது கையால பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பிடிக்கிறாள். இடது கைக்கு மாத்தினா, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில கத்தரிக்கோல் மாதிரி இடுக்கிப் பிடிக்கிறாள். அந்தத் தொங்கல் பக்கத்தில ஆடிக்கொண்டு சும்மா இருக்கு, அவளின்ட கை அதைக் கணக்கிலயே எடுக்கல்ல. நான் குனிஞ்சு பாத்தன், சுட்டுவிரல் ஏற்கனவே கொஞ்சம் உள்ளால திரும்பத் தொடங்கியிருக்கு. பிள்ளை தன்ட பாட்டில அதைப் பெருவிரலாக்கிக்கொண்டு இருக்கிறாள், நான்தான் குறுக்க நிக்கிறன்.

ரெண்டு வயசு தாண்டிச் செய்தம். இந்த ஒப்பரேசனைச் செப்பனிட்டவர் பக் கிராம்கோ எண்ட இன்னொரு ஜேர்மன் டொக்டர், 1971ல எழுதினவர். அவருக்கு அவ்வளவு பிள்ளைகள் வந்ததுக்குக் காரணம் தலிடொமைட் எண்ட மருந்து. 1957ல அங்க நித்திரைக்கும் சத்திக்கும் எண்டு வித்து, கை கால் குறைஞ்ச பிள்ளைகள் ஆயிரக்கணக்கில பிறந்த பிறகு 1961 கடைசியிலதான் நிப்பாட்டினது. எந்தத் தாயோ அழுத அழுகையில இருந்து படிச்ச வேலை என்ட மகளின்ட கைக்கு வந்து சேர்ந்திருக்கு எண்டு நான் அடிக்கடி யோசிப்பன்.

இப்ப ஏழு வயசு. தலை தானே பின்னுவாள். ஆரும் அவளின்ட கையைப் பாத்தா உடன தெரியாது, எண்ணிப் பாத்தாத்தான் நாலு எண்டு தெரியும்.

மருதமுனை_உம்மா:
அல்லாஹ் அந்தப் புள்ளைக்கு நீண்ட ஆயுளக் குடுக்கணும். வாசிச்சிட்டு வாப்பாக்கும் காட்டினன்.

அக்கரைப்பற்று_78:
அண்ணன், ஆறு மாசம் இழுத்தடிச்ச எண்டு எழுதினீங்களே, எங்கட வாப்பா 46 வருசமா இழுத்தடிச்சார், எனக்கு அவர்ல கோவமில்ல. அவருக்குச் செல்ல ஆள் இருக்கல்ல.

பட்டிருப்புப்_பொண்ணு (11 மாசத்துக்குப் பிறகு):
என்னை ஞாபகம் இருக்கா? இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்க. மகனுக்கு ஒப்பரேசன் முடிஞ்சு இண்டைக்கு எட்டாம் கிழமை.

நடந்ததைச் சொல்றன். ரெண்டாம் மாச ஊசிக்குப் போனப்ப மிட்வைஃப் மிஸ் துண்டு எழுத வச்சு மட்டக்களப்புக்கு அனுப்பினா. அங்க முழுசாப் பாத்தாங்க, நெஞ்சு வயிறு முதுகு எல்லாம் நல்லம். எக்ஸ்ரே ரெண்டு தரம், முதல் படத்தில அரைவாசி வெறுமையாத்தான் தெரிஞ்சது அக்கா சொன்ன மாதிரியே. பிறகு கொழும்புக்கு எழுதித் தந்தாங்க. சேர்ஜன் சொன்னது நாலாம் வகையாம், வஸல் எண்டவர் 1969ல ஏழு வகையாப் பிரிச்சதில இதுதான் கூட வாறதாம், அடி எலும்பு ஒண்டு, அதுக்கு மேல ரெண்டும் தனித்தனி. ஒரு படம் கீறிக் காட்டினார், எந்த விரலை வச்சிருப்பன், எதை எதுக்கு மாத்துவன் எண்டு. நான் கேட்டன் சதை எங்க ஒட்டியிருக்கு சேர் எண்டு. நிமிர்ந்து பாத்தார். உங்களாலதான் அக்கா அந்தக் கேள்வி கேக்கத் தெரிஞ்சது.

இரவு பஸ்ஸில போனம். என்னோட வந்தது ஆர் தெரியுமா, மாமி. அவர் லீவு கிடைக்காம வர ஏலல்ல. காலையில பால் குடுக்கப்படாது எண்டு நேரம் சொல்லி வச்சிருந்தாங்க, மகன் பாலுக்கு அழ அழ மாமிதான் வராந்தாவால தூக்கிக்கொண்டு நடந்தவ, நான் கிட்டப் போனா மணத்துக்கு இன்னும் அழுவார் எண்டு என்னைத் தூர நிக்கச் சொல்லிட்டா. உள்ள எடுத்து ஒண்டரை மணித்தியாலம். வெளிய வரக்க முழங்கைக்கு மேல வரைக்கும் பிளாஸ்டர். ஒரு விரலுக்கு இவ்வளவு நீளமா எண்டு கேட்டன், சின்னப் பிள்ளைகள் கட்டையாப் போட்டா உருவி எறிஞ்சிடுங்களாம். வீட்ட வந்து அந்தப் பிளாஸ்டரால என்ட மூக்கில ஒரு அடி, ரெண்டு நாள் வீங்கிப் போய் இருந்தது.

அஞ்சாம் கிழமை பிளாஸ்டரும் கம்பியும் கழட்டினது. கை மெலிஞ்சு தோல் உரிஞ்சு, நான் பயந்து போனன், ரெண்டு கிழமையில சரியாகிட்டு. இப்ப ஒரே ஒரு பெருவிரல். மற்றக் கையோட ஒப்பிட்டா கொஞ்சம் மெல்லிசு, நகமும் சின்னன், பக்கத்தில ஒரு சிவப்புக் கோடு. வளரக்க திரும்பச் சரியக்கூடும், அப்படி வந்தா இன்னொரு தரமும் செய்ய வேண்டி வரலாம் எண்டு முதலே சொல்லிட்டாங்க, அதால வருசா வருசம் காட்ட வேணும். நேற்று பாயில கிடந்த கொத்தமல்லி விதை ஒண்டைக் குனிஞ்சு எடுக்கப் பாத்தார். முதல் தரம் உருண்டு போச்சு. ரெண்டாம் தரமும் போச்சு. மூண்டாம் தரம் சுட்டுவிரலை வச்சு அமத்தி பெருவிரலைக் கொண்டு வந்து நுள்ளிப் பிடிச்சு, நேர வாய்க்குள்ள. நான் ஓடிப்போய்த் தோண்டி எடுத்தன், மாமி சிரிக்கிறா.

அந்தக் கறுப்பு நூலை மாமி முறுக்கி அரைஞாணாக் கட்டி விட்டிருக்கா.

கல்லடித்_தாதி:
மல்லி! வேற ஒண்டும் எனக்கு வேணாம் தங்கச்சி. தழும்பை எண்ணெயோ வஸலினோ தொட்டு மெல்ல மெல்லத் தடவி விடுங்க, எவ்வளவு அமத்துறது எண்டு பிசியோவில காட்டித் தருவாங்க.

அக்கரைப்பற்று_78:
அல்ஹம்துலில்லாஹ். கையத் திறந்து வச்சி வளரட்டும் மகன்.

திருக்கோவில்_தம்பி:
அக்காமார், இந்த இழையை முழுக்க வாசிச்சன். எங்களுக்கு மகள், அஞ்சு கிழமை. ரெண்டு பெருவிரலையும் எப்பவும் உள்ளங்கைக்குள்ள மடக்கி மற்ற விரலால மூடி வச்சிருக்கிறா. இதுவும் குறையா? மனுசி நேற்றில இருந்து சாப்பிடுறா இல்ல.

கல்லடித்_தாதி:
தம்பி, அஞ்சு கிழமையில அது வழமை, பச்சைப் பிள்ளைகள் மூண்டு நாலு மாசம் வரைக்கும் பெருவிரலை உள்ள வச்சுப் பொத்திக்கொண்டுதான் இருக்குங்கள். நித்திரை கொள்ளக்க பாருங்க, கை தளரும், அப்ப பெருவிரல் தானா வெளிய வருதா? குளிக்க வாக்கக்க மெல்ல நிமித்தினா நிமிருதா? ரெண்டுக்கும் ஓம் எண்டா இப்போதைக்கு ஒண்டும் யோசிக்காதீங்க, மனுசிக்குச் சோறு குடுங்க. நாலு மாசம் கடந்தும் எப்பவும் உள்ளயே இருந்தா, அல்லது அடி மூட்டில இருந்தே மடங்கி வெளிய கொண்டு வரவே மாட்டா எண்டா காட்ட வேணும். பெருவிரலை நிமித்துற நாண் பலமில்லாம இருக்கலாம், அதுக்கு விரலை நிமித்திப் பிடிக்கிற மாதிரிச் சின்னதா ஸ்பிளின்ட் செய்து சில மாசம் போட்டா கனபேருக்குச் சரிவரும், நேரத்தோட தொடங்க வேணும். கையோட சேர்த்து உடம்பும் கால்களும் இறுக்கமா இருந்தா நாலு மாசம் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம உடன காட்டுங்க, அது மூளை நரம்புப் பக்கம் பாக்க வேண்டியது.

திருக்கோவில்_தம்பி:
நித்திரையில வெளிய வருது மிஸ், இப்பதான் டோர்ச் அடிச்சுப் பாத்தன். ரெண்டும் வெளிய.

பட்டிருப்புப்_பொண்ணு:
தம்பி, ரெண்டாம் மாச ஊசிக்குப் போகக்க மிட்வைஃபிட்ட ஒருக்கா கையையும் காட்டி கொப்பியில எழுதச் சொல்லுங்க. நாலாம் மாச ஊசிக்குப் போகக்க அவங்களே திருப்பிப் பாப்பாங்க. டோர்ச் அடிச்சு பிள்ளையை எழுப்பிப் போடாதீங்க.